மூன்றாவது மொபைல் ஓஎஸ்ஸுக்கு இன்னும் வழி இருக்கிறதா? எந்த அடுக்கில் மாட்டும்?

நிரல்நேசன் (கேள்வி)

ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் சேர்ந்து உலக ஸ்மார்ட்ஃபோன்களில் ஏறக்குறைய 99 சதவீதத்தைப் பிடித்துவிட்டன. சிம்பியன், வெப்ஓஎஸ், பிளாக்பெர்ரி 10, விண்டோஸ் ஃபோன், ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ், டைசன் என்று வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைக் கட்டினார்கள். காரணம் கேட்டால் "ஆப் இல்லை" என்று எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது காரணமா, விளைவா என்பதே புரியவில்லை.

லினக்ஸ் கர்னல் (ஓஎஸ்ஸின் அடித்தளமான மைய நிரல்) இலவசம். ஆண்ட்ராய்டின் திறந்தமூலப் பகுதியான ஏஓஎஸ்பியும் இலவசம். அப்படியிருக்க, புதிதாக ஒருவர் இறங்கினால் சரியாக எந்த அடுக்கில் மாட்டிக்கொள்வார்? ஆண்ட்ராய்டு ஆப்களை அப்படியே ஓட்டும் வசதியைச் சேர்த்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? மைக்ரோசாஃப்ட் அவ்வளவு பணத்தைக் கொட்டியும் முடியாதது ஹுவாவேயால் எப்படி முடிந்தது?

கம்பெனி ரசிகர் சண்டை வேண்டாம். தொழில்நுட்பம், ஒப்பந்தம், பணம் இவற்றில் எது எங்கே அடைக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பழைய ஃபோனில் ஒரு மாற்று ஓஎஸ்ஸைப் போட்டுப் பார்க்க நினைப்பவர் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.


அலைவரிசை

கீழிருந்து வருகிறேன். "லினக்ஸ் இலவசம்தானே" என்ற இடத்தில்தான் பலரும் வழுக்குகிறார்கள்.

மேசைக் கணினியில் லினக்ஸ் எந்த மெஷினிலும் ஏறிவிடுகிறது என்றால், அங்கே யுஇஎஃப்ஐ, ஏசிபிஐ போன்ற முறைகள் மூலம் வன்பொருள் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது. ஏஆர்எம் ஃபோனில் அந்த வசதி கிடையாது. எந்தச் சிப் எந்த முகவரியில் இருக்கிறது, அதற்கு எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதை டிவைஸ் ட்ரீ என்ற கோப்பில் மாடல் வாரியாக எழுத வேண்டும். அதை எழுதித் தருவது சிப் நிறுவனமும் ஃபோன் தயாரிப்பாளரும். அவர்கள் தருவது ஆண்ட்ராய்டுக்காக மட்டும், அதுவும் 4.14, 4.19, 5.4 என்று ஏதோ ஒரு கர்னல் பதிப்பில் உறைந்துபோன நிலையில். கேமராவின் ஐஎஸ்பி (படத்தைச் செப்பனிடும் சிப் பகுதி), ஜிபியு (திரை வரைகலைச் சிப்), கைரேகை, மோடம் (வலையமைப்போடு பேசும் சிப்) ஆகியவற்றுக்கான நிரல்கள் மூடிய பைனரிகள், அதாவது மூலநிரல் தராத கோப்புகள். அவை ஆண்ட்ராய்டின் பயோனிக் சி நூலகத்தை நம்பிக் கட்டப்பட்டவை என்பதால், வழக்கமான லினக்ஸின் கிளிப்சி நூலகத்தோடு நேரடியாக ஒட்டாது.

இந்தச் சுவரைத் தாண்ட இதுவரை நடைமுறையில் இருக்கும் வழிகள் இவை. லிப்ஹைப்ரிஸ் என்ற இணைப்பு நூலகம் பயோனிக் பைனரிகளை கிளிப்சி உலகத்துக்குள் ஏற்றித் தரும். செய்ல்ஃபிஷ், உபுண்டு டச் என்ற லினக்ஸ் ஃபோன் ஓஎஸ்கள் இரண்டும் இதன்மேல்தான் நிற்கின்றன. 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் வந்த டிரெபிள் மாற்றம் இந்த வேலையைக் கொஞ்சம் எளிதாக்கியது. வன்பொருள் சார்ந்த பைனரிகள் வெண்டார் பார்ட்டிஷன் என்ற தனிச் சேமிப்புப் பகுதிக்குப் போய்விட்டன. ஹேலியம் திட்டம் அந்தப் பகுதியை மட்டும் ஒரு கண்டெய்னருக்குள் (தனித்து அடைத்த சூழலுக்குள்) ஓடவிட்டு, வெளியே தன் லினக்ஸை ஓட்டுகிறது. வேலை வேகமாக முடியும். ஆனால் சிப் நிறுவனம் அந்தப் பைனரிகளுக்குத் திருத்தம் தருவதை நிறுத்தியதும் ஜிபியு, வைஃபை, மோடம் ஓட்டைகள் அப்படியே நின்றுவிடும். மேலே ஓஎஸ் எவ்வளவு புதிதாக இருந்தாலும் பயனில்லை.

போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் போகும் பாதை வேறு: மூடிய பைனரிகளைக் கூடுமானவரை தவிர்த்து மெயின்லைன் கர்னலில் (லினக்ஸின் பொதுவான அசல் கர்னலில்) ஃபோனை ஓடவைப்பது. கொள்கையாகப் பார்த்தால் இதுதான் சுத்தமானது. பலன் வரத் தாமதமாகும். திரையும் வைஃபையும் வந்துவிடும். கேமராவும் தூக்க நிலை மின்சேமிப்பும் கடைசிவரை இழுக்கும். கர்னலையே புதிதாக எழுதினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஃபுஷியா ஒரு பதில். கூகுளின் அந்த நிரல் வெளியுலகின் கண்ணில் பட்டது 2016-இல். பொதுமக்கள் கையில் இருக்கும் சாதனத்துக்கு அது போய்ச் சேர்ந்தது 2021 மே மாதத்தில், அதுவும் நெஸ்ட் ஹப் என்ற வீட்டுத் திரைக்கு. ஃபோனுக்கு இன்னும் வரவில்லை. ஆள், பணம் இரண்டிலும் குறையில்லாத நிறுவனத்தின் கதையே இப்படி.

இதைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு: அழைப்பு. ஆம், ஃபோன் பேசுவதுதான்.

4ஜி வலையமைப்பில் குரலுக்கென்று தனிச் சுற்று கிடையாது. முன்பெல்லாம் அழைப்பு வந்தால் ஃபோன் 2ஜி அல்லது 3ஜிக்கு இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பி ஏறும். பல நாடுகளில் அந்தப் பழைய வலையமைப்புகளை மூடிக்கொண்டே வருகிறார்கள். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2022-லேயே 3ஜியை மூடிவிட்டன. இனி வோல்ட்டி (4ஜி டேட்டாவிலேயே குரலை அனுப்பும் முறை) இல்லையென்றால் அழைப்பே இல்லை. வோல்ட்டி என்பது தொலைத்தொடர்பு நிறுவனத்தின் ஐஎம்எஸ் அமைப்பின் மேல், எஸ்ஐபி என்ற இணைய அழைப்பு நெறிமுறையில் நடக்கும் உரையாடல். இதன் ஒரு பகுதி மோடம் ஃபர்ம்வேரில் இருக்கிறது. மறு பகுதி சிப் நிறுவனம் தரும் மூடிய ஆண்ட்ராய்டு சேவையில் இருக்கிறது. ஓஃபோனோ, மோடம்மேனேஜர் போன்ற லினக்ஸ் கருவிகளுக்கு அந்த மறு பகுதி கிடைப்பதில்லை. போதாததற்கு, தங்கள் பட்டியலில் இல்லாத மாடல்களுக்கு வோல்ட்டியைத் திறந்துவிடாத தொலைத்தொடர்பு நிறுவனங்களும் உண்டு. அதனால்தான் டேட்டா அட்டகாசமாக ஓடும் மாற்று ஓஎஸ் ஃபோன்களில் அழைப்பு மட்டும் வராது.

லினக்ஸுக்கென்றே வந்த பைன்ஃபோன் இதில் விதிவிலக்கு. அதன் குவெக்டெல் ஈஜி25-ஜி மோடம் யுஎஸ்பி வழியாகத் தனியாக நிற்கிறது. வோல்ட்டியை மோடமே உள்ளுக்குள் பார்த்துக்கொள்ளும், சரியான ஆபரேட்டர் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் போதும். இப்படித் தனி மோடம் வைத்தால் சுதந்திரம் கிடைக்கும். பேட்டரி அதிகம் செலவாகும், ஃபோனும் தடிக்கும்.


சாவிக்கொத்து

அலைவரிசை சொன்னதெல்லாம் பொறியியல் சிக்கல். ஆளும் காலமும் போட்டால் தீரும். தீராத சிக்கல் மேலே இருக்கிறது.

"ஆண்ட்ராய்டு ஆப்களை ஓட்டினால் போதாதா" என்ற கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆப் திறக்கிறதா என்பது ஒன்று. திறந்த ஆப் தன் வேலையைச் செய்கிறதா என்பது வேறு.

ஏபிகே என்ற ஆண்ட்ராய்டு ஆப் கோப்பைத் திறப்பது பெரிய விஷயமே இல்லை. வேய்ட்ராய்டு என்ற கருவி லினக்ஸுக்குள் ஒரு கண்டெய்னரில் லினேஜ்ஓஎஸ் என்ற ஏஓஎஸ்பி கிளையை ஓட்டுகிறது. கர்னலில் பைண்டர் வசதியும் (ஆண்ட்ராய்டு நிரல்கள் தமக்குள் பேசும் வழி) மேலே வேலண்ட் திரையமைப்பும் இருந்தால் போதும். செய்ல்ஃபிஷிலும் இதே வேலைக்கு ஒரு அடுக்கு இருக்கிறது. ஆனால் இன்றைய ஆப் ஏஓஎஸ்பியை மட்டும் நம்பி எழுதப்படுவதில்லை. அறிவிப்புக்கு கூகுளின் எஃப்சிஎம், இடமறிய கூகுளின் ஒருங்கிணைந்த இடச்சேவை, வரைபடத்துக்கு மேப்ஸ் எஸ்டிகே, உள்நுழைய கூகுள் கணக்கு, பணம் வாங்க பிளே பில்லிங் என்று எல்லாமே பிளே சர்வீசஸ் என்ற ஒரு மூடிய தொகுப்பில் இருக்கின்றன. அது ஏஓஎஸ்பியில் வராது. உரிமம் வாங்கிய, பொருத்தச் சோதனைகளில் தேறிய சாதனங்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.

அறிவிப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். எஃப்சிஎம் ஃபோன் முழுவதற்கும் ஒரே ஒரு டிசிபி இணைப்பை, பெரும்பாலும் 5228 போர்ட்டில், திறந்தே வைத்திருக்கும். எல்லா ஆப்களின் செய்தியும் அந்த ஒரு குழாயில் வந்துவிடும். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆப்பும் தனித்தனி இணைப்பை உயிரோடு வைத்திருக்க ரேடியோவை அடிக்கடி எழுப்பும். பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அப்படி எழுப்பவிடாமல் ஓஎஸ் தடுத்தால் செய்தி தாமதமாகும், அல்லது ஆப்பைத் திறக்கும்வரை வரவே வராது. மைக்ரோஜி இதற்குத் திறந்தமூல மாற்று. எஃப்சிஎம், இடச்சேவை இரண்டையும் ஓரளவு நன்றாகவே சமாளிக்கும். ஆனால் எஃப்சிஎம்முக்கு அதுவும் கூகுளின் சர்வரோடுதான் பேசுகிறது. நாளைக்கு அவர்கள் கதவைச் சாத்தினால் ஒன்றும் செய்ய முடியாது. யூனிஃபைடுபுஷ் என்ற அறிவிப்பு முறை உண்மையிலேயே தற்சார்பானது. அதை ஆதரிக்கும் ஆப்கள்தான் குறைவு.

இப்போது முக்கியமான பூட்டுக்கு வருகிறேன். வங்கி, பணப்பரிமாற்றம், சில அரசுச் சேவைகள், சில விளையாட்டுகள் எல்லாம் திறந்தவுடன் "இந்த ஃபோன் நம்பகமானதா" என்று கேட்கின்றன. முன்பு அதற்கு சேஃப்டிநெட் இருந்தது, இப்போது பிளே இன்டெக்ரிட்டி. விடை மூன்று நிலைகளில் வரும்: அடிப்படை, சாதனம், வலுவானது. இரண்டாவது நிலையிலோ அதற்கு மேலோ தேற கூகுள் சான்றளித்த மென்பொருள் கட்டமைப்பு வேண்டும். வலுவான நிலை என்றால், ஃபோனின் பாதுகாப்புச் சிப்பில் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட சாவியால் கையெழுத்திட்ட சான்று வேண்டும். பூட்லோடர் (ஓஎஸ்ஸைத் தொடங்கிவைக்கும் முதல் நிரல்) பூட்டியிருக்கிறதா, தொடங்கிய ஓஎஸ் யாருடையது என்பதெல்லாம் அந்தச் சான்றிலேயே எழுதியிருக்கும். மென்பொருள் தந்திரத்தால் இதை ஏமாற்ற முடியாது, சாவியைத் திருடினால் ஒழிய.

இதில் எரிச்சலூட்டும் சங்கதி, பாதுகாப்புக்கும் இந்தத் தேர்வுக்கும் உள்ள உறவு. ஏஓஎஸ்பியிலிருந்து பிறந்த கிராபீன்ஓஎஸ் பூட்லோடரைத் திரும்பப் பூட்டி, தன் சொந்தச் சாவியால் சரிபார்த்துத் தொடங்குகிறது. பாதுகாப்புத் திருத்தங்களையும் உடனுக்குடன் தருகிறது. அதற்கு அடிப்படை நிலைக்கு மேல் கிடைப்பதில்லை. பல ஆண்டுகளாகத் திருத்தமே பெறாத பழைய ஆண்ட்ராய்டு ஃபோன், சான்று பெற்றது என்பதற்காகவே, சாதன நிலையில் தேறிவிடும். ஆண்ட்ராய்டிலேயே இருக்கும் வன்பொருள் சான்று வசதியை நேரடியாகப் பயன்படுத்தி, கிராபீன்ஓஎஸ்ஸின் சாவியையும் ஏற்றுக்கொள்ள ஆப் தயாரிப்பாளருக்கு வழி இருக்கிறது. சிலர் செய்கிறார்கள். பெரும்பாலோர் செய்வதில்லை. சிறு எண்ணிக்கைப் பயனர்களுக்காக எந்தத் தணிக்கைக் குழுவிடம் போய் யார் அனுமதி வாங்குவது?

ஆக "ஆப் இல்லை" என்பதை நான் இப்படித் திருத்திச் சொல்வேன்: ஆப் இருக்கிறது, ஓடவும் ஓடும், ஆனால் உன் ஓஎஸ்ஸை நம்பலாம் என்று சொல்லும் உரிமை உன் போட்டியாளர் கையில் இருக்கிறது. திரைப்படச் சேவைகளில் இதே கதை வைட்வைன் என்ற கூகுளின் நகல்தடுப்புப் பூட்டு வழியாக நடக்கிறது. எல்1 நிலை கிடைக்காமல் எல்3-இல் நின்றால் பெரும்பாலான சேவைகள் தெளிவு குறைந்த படத்தைத்தான் காட்டும்.


நிரல்நேசன்

தெளிவாக இருக்கிறது, நன்றி. அப்படியானால் வெப் ஆப்? உலாவி இருந்தால் போதும், சான்றுத் தேர்வெல்லாம் வேண்டாமே? பிறகு மைக்ரோசாஃப்ட், ஹுவாவே ஒப்பீட்டை யாரும் தொடவில்லை.


பழைய_லூமியா

வெப் ஆப்பை வைத்து ஒருத்தர் ஏற்கெனவே விளையாடிப் பாத்துட்டாங்க. மொசில்லாவோட ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ், 2013 ஜூலையில முதல் ஃபோன்கள் விற்பனைக்கு வந்துச்சு. எல்லா ஆப்பும் எச்டிஎம்எல்தான். மலிவான, நினைவகம் குறைஞ்ச ஃபோன்களைக் குறி வெச்சாங்க. அந்த வன்பொருள்ல உலாவி எஞ்சின் திணறிச்சு. 2015 டிசம்பர்ல ஃபோன் விற்பனையை நிறுத்தறதா அறிவிச்சாங்க. ஆனா அதே நிரல் கைஓஎஸ்ஸா மறுபிறவி எடுத்து, தொடுதிரை இல்லாத பொத்தான் ஃபோன்கள்ல பல கோடிப் பேர் கைக்குப் போச்சு. காரணம் எளிது: 256 எம்பி ரேம்ல ஆண்ட்ராய்டு வர முடியாத இடம் அது, போட்டியே இல்லை. 2018-ல கூகுளே அதுல 2.2 கோடி டாலர் முதலீடு போட்டு தன்னோட சேவைகளை ஏத்திச்சு. வாட்ஸ்அப்பும் வந்துச்சு. 2024-ல கைஓஎஸ்ஸோட கடையிலேர்ந்து வாட்ஸ்அப்பை எடுத்ததும் அந்த ஃபோன்களோட மதிப்பு பாதி போச்சுன்னு சொல்லலாம். ஒரே ஒரு ஆப்!

இனி மைக்ரோசாஃப்ட். பணம் கொட்டினாங்கன்னு சொல்றீங்க, வாஸ்தவம். நோக்கியா ஃபோன் பிரிவை 2014 ஏப்ரல்ல வாங்கி, அடுத்த வருஷம் ஜூலையில 760 கோடி டாலரை நஷ்டக் கணக்குல எழுதினாங்க. ஆனா அவங்க விழுந்தது பணத்துல இல்லை. விண்டோஸ் ஃபோன் 7 பழைய சிஇ கர்னல்ல ஓடிச்சு. 8-க்கு என்டி கர்னலுக்கு மாறினப்போ, அப்பதான் கடைக்கு வந்திருந்த லூமியா 900 உட்பட எந்த 7 ஃபோனுக்கும் மேம்படுத்தல் கிடையாதுன்னுட்டாங்க. ஆப் எழுதறவங்களுக்கும் அதே கதி: முதல்ல சில்வர்லைட், அப்புறம் வின்ஆர்டி, அப்புறம் யுடபிள்யூபி. சந்தையில நூத்துக்கு மூணு பேர் வெச்சிருக்கற ஃபோனுக்காக எவன் மூணு தடவை திருப்பி எழுதுவான்?

கூகுள் அந்தப் பக்கமே வரலை. 2013-ல மைக்ரோசாஃப்ட் தானே எழுதின யூடியூப் ஆப்பையும் முடக்கிட்டாங்க. ஒரு ஆப்புக்கு 100 டாலர்னு காசு குடுத்துப் பாத்தாங்க; கடை குப்பையால நிரம்பிச்சு. பிளாக்பெர்ரியும், தரச் சான்று வாங்கின ஆப் முதல் வருஷத்துல ஆயிரம் டாலராவது சம்பாதிச்சா பத்தாயிரத்துக்கு மீதியை நாங்க போடறோம்னு வாக்குக் குடுத்துச்சு. நடக்கலை. காசு குடுத்தா ஆப் வரும், அடுத்த வருஷம் அதைப் பராமரிக்க ஆள் வராது.

ஆண்ட்ராய்டு ஆப்பை ஓட்டற வசதி ரெண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. பிளாக்பெர்ரி 10-ல அது இருந்துச்சு, பின்னாடி அமேசான் ஆப் கடையையே உள்ள கொண்டுவந்தாங்க. விளைவு, அந்த ஓஎஸ்ஸுக்கே உரிய நேட்டிவ் ஆப் எழுத யாருக்கும் காரணமே இல்லாம போச்சு. கடைசியில 2015-ல பிரிவ்னு நேரடியா ஆண்ட்ராய்டு ஃபோனே விட்டாங்க. மைக்ரோசாஃப்டோட அஸ்டோரியா திட்டமும் இதே வகைதான், 2015-ல அறிவிச்சு 2016 பிப்ரவரியில கைவிட்டாங்க.

இதையே ஹுவாவே எப்படிச் செஞ்சதுன்னு பாருங்க. 2019 மே மாசம் அமெரிக்கத் தடைப் பட்டியல்ல பேர் வந்துச்சு, கூகுள் சேவைகள் புது மாடல்களுக்குக் கிடைக்காம போச்சு. ஆகஸ்ட்ல ஹார்மனிஓஎஸ் அறிவிப்பு. 2021 ஜூன்ல ஃபோனுக்கு வந்தப்போ உள்ள ஏஓஎஸ்பி இருந்துச்சு, ஆண்ட்ராய்டு ஆப் எல்லாம் அப்படியே ஓடிச்சு. பயனர் ஒண்ணும் இழக்கலை. அந்த இடைவெளியில புஷ், வரைபடம், பணம் எல்லாத்துக்கும் சொந்த மாற்று, ஆர்க்டிஎஸ்னு சொந்த மொழி, சொந்தக் கம்பைலர்னு கட்டிட்டாங்க. கையில கோடிக்கணக்கான ஃபோன் சேர்ந்த பிறகு, 2024 அக்டோபர்ல வந்த அடுத்த பதிப்புல ஏஓஎஸ்பியை வெட்டி எறிஞ்சாங்க. வரிசை முக்கியம்: முதல்ல ஆளைச் சேர்த்து, அப்புறம்தான் பாலத்தை உடைச்சாங்க.

இதை வேற எங்கயும் நகல் எடுக்க முடியுமா? எனக்கு நம்பிக்கை இல்லை. சீனாவுக்குள்ள பிளே சர்வீசஸ் முன்னாடியே கிடையாது. சாவிக்கொத்து சொன்ன பூட்டு அந்தச் சந்தையில கூகுள் கையில இல்லவே இல்லை. அதோட விசேட் மாதிரி சில ஆப்களை இழுத்துட்டு வந்தா மனுஷனோட முக்கால்வாசி நாள் முடிஞ்சிடும். அந்த விசேட்டோட நேட்டிவ் பதிப்பே 2025 தொடக்கத்துலதான் எல்லாருக்கும் வந்துச்சு.


சாவிக்கொத்து

பழைய_லூமியா விட்ட ஒன்று: ஒப்பந்தம். 2012 செப்டம்பரில் ஏசர் நிறுவனம் அலிபாபாவின் அலியூன் ஓஎஸ் ஃபோனை வெளியிட இருந்து, கடைசி நேரத்தில் பின்வாங்கியது. அப்போது கூகுளோடு போட்ட ஒப்பந்தப்படி, ஒரு தயாரிப்பாளர் ஒரே ஒரு மாடலில்கூடப் பொருத்தமற்ற ஆண்ட்ராய்டுக் கிளையை விற்கக் கூடாது என்றிருந்தது; விற்றால் அவருடைய மற்ற எல்லா மாடல்களுக்கும் கூகுள் ஆப் உரிமம் ஆபத்தில் விழும். ஐரோப்பிய ஆணையம் 2018 ஜூலையில் 434 கோடி யூரோ அபராதம் போட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. 2022-இல் நீதிமன்றம் அதை 412.5 கோடியாகக் குறைத்தது, சாரத்தை மாற்றவில்லை.

பணமும் அதே திசையில்தான் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு இலவசம் என்கிறோம். உண்மையில் அது தயாரிப்பாளருக்குப் பணம் தருகிறது. தேடல் விளம்பர வருமானத்தில் ஒரு பங்கு ஃபோன் நிறுவனங்களுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் போகிறது. சஃபாரியில் முன்னிருப்புத் தேடலாக இருக்க 2022-இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர் தந்ததாக அமெரிக்க வழக்கில் வெளிவந்தது. புதிய ஓஎஸ்காரர் தயாரிப்பாளரிடம் போய் "இலவசமாகத் தருகிறேன்" என்றால் அவருக்கு அது நஷ்டம். அந்தப் பங்கை ஈடுகட்டும் வருமானம் எங்கிருந்து வரும் என்று காட்டாத எந்தத் திட்டத்தையும் நான் இரண்டாம் பக்கம் புரட்டமாட்டேன்.

ஏஓஎஸ்பியை நம்பி இறங்குபவர்களுக்குக் கூடுதல் எச்சரிக்கை. 2025 மார்ச்சில் ஏஓஎஸ்பி வளர்ச்சிப் பணி முழுவதையும் உள் கிளைக்கு மாற்றுவதாகக் கூகுள் அறிவித்தது. நிரல் வெளியீட்டின்போது மட்டும் வெளியே வரும். ஆண்ட்ராய்டு 16-உடன் கூகுளின் பிக்சல் ஃபோன்களுக்கான டிவைஸ் ட்ரீயும் (அலைவரிசை சொன்ன கர்னல் கோப்பு அல்ல, அந்த மாடலுக்கு ஏஓஎஸ்பியைக் கட்டத் தேவையான கோப்புத் தொகுப்பு) வரவில்லை. தனிப்பயன் ஓஎஸ் செய்பவர்களுக்குப் பிக்சல்தான் முன்மாதிரி வன்பொருளாக இருந்தது. இப்போது பழைய மாடலிலிருந்து ஊகித்து எழுத வேண்டியிருக்கிறது.


அலைவரிசை

வாய்ப்பே இல்லை என்று முடித்துவிட வேண்டாம். பொதுச் சந்தை ஃபோன் என்ற ஒன்றை மட்டும் பார்ப்பதால் அப்படித் தோன்றுகிறது. கிடங்கு ஸ்கேனர், கள ஊழியர் கைக்கருவி, காவல் அல்லது ராணுவப் பயன்பாடு போன்ற மூடிய கூட்டங்களில் ஆப் பட்டியல் பத்து பதினைந்தைத் தாண்டாது. வாங்குபவரே அவற்றை எழுதிக்கொள்வார், சான்று சர்வரையும் தானே வைத்துக்கொள்வார். பிளே இன்டெக்ரிட்டி அங்கே ஒரு பொருட்டே அல்ல. செய்ல்ஃபிஷின் கிளையான அரோரா ரஷ்யாவில் நிற்பது இப்படித்தான். கடிகாரமும் தொலைக்காட்சியும்கூட இதே போலத் தாங்கும்: ஃபோனில் தோற்ற வெப்ஓஎஸ்ஸை எல்ஜியும், டைசனைச் சாம்சங்கும் இன்றும் டிவியில் ஓட்டுகின்றன. வங்கி ஆப்பை யாரும் டிவியில் தேடுவதில்லை.


ஃப்ளாஷ்_பித்தன்

பழைய ஃபோனில் போட்டுப் பார்ப்பது பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான்.

முதலில் மாடல். பெட்டியில் இருக்கும் பெயர் போதாது. ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புடன் வந்த ஃபோன்கள் ஏராளம். ஃபாஸ்ட்பூட் நிலையில் (கணினியிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்றும் நிலை) காட்டும் குறியீட்டுப் பெயரை எடுத்து, உபுண்டு டச் அல்லது போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ் சாதனப் பட்டியலில் அதே பெயரைத் தேடுங்கள். பட்டியலில் "ஓடுகிறது" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாமல் அழைப்பு, வோல்ட்டி, கேமரா, ஜிபிஎஸ், தூக்க நிலை என்று ஒவ்வொரு வரியையும் பாருங்கள்.

பூட்லோடர் திறக்க, அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டி, டெவலப்பர் பகுதியில் ஓஇஎம் அன்லாக்கை இயக்க வேண்டும். சில நிறுவனங்கள் விண்ணப்பித்துக் காத்திருக்கச் சொல்லும், சில அனுமதிக்கவே அனுமதிக்காது. திறக்கும்போது உள்ளே இருக்கும் எல்லாம் அழியும். சில மாடல்களில் வைட்வைன் எல்1 சாவி நிரந்தரமாகப் போய்விடுவதும் உண்டு.

அடுத்தது பலரும் தவறவிடும் படி. ஐஎம்இஐ எண்ணும் ரேடியோ அளவீடுகளும் இருக்கும் பார்ட்டிஷனை நகலெடுத்து வெளியே வையுங்கள். சாம்சங்கில் அது இஎஃப்எஸ், குவால்காம் ஃபோன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, பெர்சிஸ்ட். தவறான ஃபர்ம்வேர் ஏறி இவை அழிந்தால் சிம்மே தெரியாது. வேறு ஃபோனின் நகலைப் போட்டும் சரிசெய்ய முடியாது.

பிறகு அடிப்படை ஆண்ட்ராய்டு பதிப்பு. ஹேலியம் வகை ஓஎஸ்கள் "முதலில் ஆண்ட்ராய்டு 9 போடு, பிறகு எங்களுடையது" என்பது போல ஒரு குறிப்பிட்ட பதிப்பைக் கேட்கும். மேலே அலைவரிசை சொன்ன வெண்டார் பைனரிகள் அந்தப் பதிப்போடு பொருந்த வேண்டும் என்பதுதான் காரணம். பொருந்தாவிட்டால் ஃபோன் தொடங்கும், ஆனால் ஒலி இருக்காது அல்லது கேமரா கறுப்பாக நிற்கும். பதிப்பைக் கீழிறக்கும் முன் ஆன்ட்டி-ரோல்பேக் எண்ணைப் பாருங்கள். இப்போது இருப்பதைவிடக் குறைந்த எண் உள்ள ஃபர்ம்வேரை ஏற்றினால் சில ஃபோன்கள் திரும்ப எழவே எழாது. சர்வீஸ் முறையில்தான் உயிர்ப்பிக்க வேண்டும். யுஎஸ்பி ஹப் வேண்டாம், கேபிளை நேரடியாகச் செருகுங்கள். பாதியில் அறுந்த ஃப்ளாஷ்களில் (ஓஎஸ் ஏற்றங்களில்) பெரும் பங்கு கேபிளால் வருகிறது.

ஏறிய பிறகு இவற்றைச் சோதியுங்கள். வலையமைப்பை 4ஜி மட்டும் என்று வைத்து ஒரு அழைப்பு போடுங்கள், ஒரு அழைப்பு வாங்குங்கள். திரை அணைந்து கால் மணி நேரம் கழித்து வரும் அழைப்புதான் உண்மையான சோதனை. விழித்திருக்கும்போது வருவது கணக்கில்லை. ஏர்பிளேன் நிலைக்குப் போய்த் திரும்பியதும் மோடம் பதிவாகிறதா பாருங்கள், பலவற்றில் மறுதொடக்கம் தேவைப்படும். புளூடூத்தில் பாட்டு கேட்டாலும் அழைப்பின் குரல் வேறு வழியில் போகும், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். அலாரம் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா? இரவு எட்டு மணி நேரம் சும்மா வைத்து எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறியுங்கள். பத்துக்கு மேல் என்றால் ஏதோ ஒரு இயக்கி தூங்கவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது.

ஜிபிஎஸ்ஸில் அவசரப்பட்டு "வேலை செய்யவில்லை" என்று எழுதாதீர்கள். இணையவழி உதவித் தரவு இல்லாதபோது செயற்கைக்கோளிலிருந்தே எல்லாவற்றையும் இறக்க வேண்டும். ஒரு செயற்கைக்கோளின் பாதைத் தரவு 30 நொடிக்கு ஒருமுறை வரும்; முழு அட்டவணை இறங்க 12.5 நிமிடம் பிடிக்கும். திறந்த வானத்தின் கீழ் கால் மணி நேரம் வையுங்கள்.

அவசர அழைப்பு எண்ணைச் சோதனைக்காக அழைக்க வேண்டாம். ஆனால் அது போகுமா என்ற உறுதி இல்லாதவரை இந்த ஃபோனை ஒரே ஃபோனாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம்.


நிரல்நேசன்

அருமை. ஒரு சந்தேகம்: பூட்லோடரைத் திறந்து உபுண்டு டச் போட்ட பிறகு, திரும்பத் தயாரிப்பாளரின் ஆண்ட்ராய்டுக்கே போய்ப் பூட்டிவிட்டால் வங்கி ஆப் பழையபடி ஓடுமா?


ஃப்ளாஷ்_பித்தன்

பெரும்பாலான மாடல்களில் ஓடும். நிபந்தனை: எல்லா பார்ட்டிஷனும் அசல் கையெழுத்தோடு, ஒரே பதிப்பில் இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மாற்றப்பட்ட நிலையில் இருக்கும்போது பூட்டினால் சரிபார்ப்பு தோற்று ஃபோன் தொடங்காது. திரும்பத் திறக்கவும் விடாத மாடல்கள் உண்டு. ஆகவே முழு அசல் ஃபர்ம்வேரை ஏற்றி, ஒருமுறை முழுமையாகத் தொடங்கி, சிம் வேலை செய்கிறதா பார்த்து, ஓஇஎம் அன்லாக் இன்னும் இயங்கு நிலையில் இருக்கும்போதே ஃபாஸ்ட்பூட்டில் பூட்டுங்கள். சாம்சங்கின் பல மாடல்களில் நாக்ஸ் ஃபியூஸ் (அசலல்லாத மென்பொருள் ஏறினால் எரியும் பாதுகாப்புக் குறி) ஒருமுறை எரிந்தால் மீளாது. அதை நம்பியிருக்கும் செக்யூர் ஃபோல்டர் போன்றவை பூட்டிய பிறகும் திரும்பி வராது.